'டைட்' என்றால் பணமுடையா?

கேள்வி: சம்பள முன்பணம் கேட்டு மேலாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் 'ப்ளீஸ் டைட் ஓவர் மீ' என்று எழுதினேன். சிரித்துவிட்டார். கை 'டைட்'டாக இருக்கிறது என்கிறோமே, அந்த டைட்தானே இது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அது வேறு, இது வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தெரிவதுதான் வம்பு. இந்த 'டைட்'டின் கடைசி எழுத்தை, அழுத்தாமல், 'வண்டி'யில் வரும் டகரம்போல ஒலிக்க வேண்டும். பொருள், கடல் ஓதம்; அதாவது கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும். அந்த ஒலி பேச்சில் தேய்ந்துபோவதால் ஆங்கிலேயர்களிலேயே சிலர் 'டை மீ ஓவர்' என்று தப்பாக எழுதுவதுண்டு.

கடனுக்குள் ஓதம் வந்தது பாய்மரக் கப்பல்களிலிருந்து. காற்று செத்துப்போனாலோ எதிர்க்காற்று அடித்தாலோ, போகவேண்டிய திசையில் இழுக்கும் ஓதத்துக்குக் காத்திருந்து அதோடு மிதந்து போவார்கள். ஏறக்குறைய 6 மணி நேரத்தில் நீரோட்டம் திரும்பிவிடும். உடனே நங்கூரம் போட வேண்டும். போடாவிட்டால் வந்த தூரமெல்லாம் வீண். அடுத்த ஓதத்தில் மறுபடி கிளம்பலாம். கேப்டன் ஜான் ஸ்மித் 1627இல் வெளியிட்ட கடலோடிகளுக்கான கையேட்டில் 'டைட் ஓவர்' என்பதற்கு விளக்கமே இதுதான்.

நங்கூரத்தை மறக்காதீர்கள். எதிர்நீரோட்டம் ஓயும்வரை தாக்குப்பிடிக்க வைக்கும் சின்ன உதவிக்குத்தான் இந்தத் தொடர் பொருந்தும். நம்மூர்க் கைமாற்றுக்குக் கச்சிதம்; 20 வருட வீட்டுக்கடனுக்கு ஒட்டாது. அதனால் எவ்வளவு, எதுவரை என்ற இரண்டும் வாக்கியத்தில் இருந்தால் நன்றாக உட்காரும்.

உங்கள் பிழை, 'மீ' நின்ற இடம். மீ, அஸ், ஹிம், தெம் எல்லாம் நடுவில்தான் வரும்: 'குட் ஐ ஹேவ் அன் அட்வான்ஸ் ஆஃப் 8,000 ரூபீஸ் டு டைட் மீ ஓவர் டில் த தர்டியத்?' இறந்தகாலம் 'டைடட்'. 'டைட்' என்று ஒரேயொரு 'ட்'டோடு நிறுத்தினால் 'கட்டிய' என்ற வேறு சொல்லாகிவிடும்.

'டைட் ஓவர் த க்ரைஸிஸ்' என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றனவே என்பீர்கள். இந்திய ஆங்கிலத்தில் அது ஊறிப்போன வழக்கு, பழைய பிரிட்டிஷ் எழுத்திலும் உண்டு. இன்றைய லண்டன்காரருக்குக் கொஞ்சம் விநோதமாகப் படும். உங்கள் மேலாளருக்குப் படாது.