நாபாவுக்குப் போனால் நடை என்ன ஆகும்?

(கலிபோர்னியாவில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரை வார இறுதியில் நாபா பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. ஒயின் ஊருக்குப் போனால் உடற்பயிற்சி என்ன ஆகும் என்ற கவலையோடு வந்த கேள்விகள் இவை. கோவையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது ஃப்ரீமான்ட்டில் மகளோடு இருக்கிறேன். அதனால் பதிலில் கொஞ்சம் விசில் சத்தம் கேட்கும்.)

கே: எனக்கு 61 வயது. வ.உ.சி. பூங்காவில் தினமும் முக்கால் மணி நேரம் நடப்பவள். சான் ஹோசேயில் இருக்கும் மகன் அக்டோபரில் எங்களை இரண்டு நாள் நாபாவுக்கு அழைத்துப் போகிறான். நாங்கள் ஒயினைத் தொடமாட்டோம். உட்கார்ந்தே பொழுது போய்விடுமோ? – வாசகி, ஈரோடு

சும்மா விட்டால் அப்படித்தான் போகும். இரண்டு மணி நேரம் கார், ஒயினரியில் (ஒயின் தயாரிக்கும் இடம்) ஒரு மணி நேரம் நாற்காலி, மறுபடி கார், அடுத்த நாற்காலி. சாயங்காலம் கால் வீங்கியதுதான் மிச்சம். ஆனால் ஊர் நடப்பதற்கு ரொம்ப வாகானது. பள்ளத்தாக்கு சுமார் 50 கி.மீ. நீளம், அகலம் பெரும்பாலும் சில கி.மீ.தான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் சமதரை, அதில் வரிசை வரிசையாகத் திராட்சை.

மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: முதல் டேஸ்டிங்கை (ஒயினை ருசி பார்க்கும் அமர்வு) 11 மணிக்கு முன்னால் புக் பண்ணாதே. பெரும்பாலான ஒயினரிகள் பத்து மணிவாக்கில்தான் திறக்கின்றன, அவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அதுவரை காலை உங்களுடையது. அக்டோபரில் விடியும்போது 10 டிகிரிக்குப் பக்கம் குளிரும், மதியம் 25-ஐத் தாண்டிவிடும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பி, இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பலாம்.

முதல் நாளுக்கு நாபா வேலி வைன் ட்ரெயில் (ஒயின் இல்லை, Vine, அதாவது திராட்சைக்கொடி). நாபா ஊரின் தெற்கே கென்னடி பூங்காவிலிருந்து யவுன்ட்வில் வரை சுமார் 20 கி.மீ. தார் போட்ட பாதை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும். ஏற்றம் இறக்கம் இல்லை, மூட்டுவலிக்காரர்களும் பயப்பட வேண்டாம். முழுதும் நடக்கச் சொல்லவில்லை. யவுன்ட்வில் முனையில் தொடங்கி அரை மணி நேரம் தெற்கே போய்த் திரும்புங்கள், உங்கள் கணக்குக்கு மேலேயே ஆகிவிடும். ஒரே குறை, நிழல் கிடையாது. கொஞ்ச தூரம் நெடுஞ்சாலையை ஒட்டிப் போவதால் கார் இரைச்சலும் உண்டு.

எனக்குப் பிடித்தது இரண்டாம் நாளுக்கான இடம். செயின்ட் ஹெலினா, கலிஸ்டோகா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவில் பாத்தி-நாபா பள்ளத்தாக்கு மாநிலப் பூங்கா. ஓடைக்கரையில் செம்மரங்கள் (நம் ஊர்ச் செம்மரம் இல்லை, ரெட்வுட்). வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுகுளு என்று இருக்கும். அங்கிருந்து ஹிஸ்டரி ட்ரெயில் என்ற மண்பாதையில் இரண்டு கி.மீ. போனால் 1846-ல் கட்டிய மாவு மில். நீர்ச்சக்கரம் மட்டும் 36 அடி உயரம். உங்கள் வீட்டுக்காரருக்கு இயந்திரங்களில் ஆர்வம் இருந்தால் அவரை அங்கிருந்து கிளப்புவது சிரமம்.

ஒரு எச்சரிக்கை. பாதையோரம் மூன்று மூன்று இலையாக ஒரு செடி இருக்கும், இலையுதிர் காலத்தில் சிவந்து பார்க்க அவ்வளவு அழகு. அது பாய்சன் ஓக். பறித்தால் தோல் தடித்து நாள்கணக்கில் அரிக்கும். போட்டோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கே: நண்பர்கள் நாலு பேர் சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஒயினரி ஒயினரியாகப் போகலாம் என்று திட்டம். குடிக்கவும் செய்யலாம், கலோரியும் கரையும் அல்லவா? – வாசகர், சன்னிவேல்

திட்டத்தில் பாதி நல்லது. குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதும் கலிபோர்னியாவில் குற்றம்தான். கார் இல்லையே என்று நினைத்துவிடாதீர்கள்.

கணக்குப் பார்ப்போம். ஒரு டேஸ்டிங்கில் ஐந்து ஒயின் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் 30 முதல் 60 மி.லி. ஊற்றுவார்கள். மொத்தத்தில் ஒன்று முதல் இரண்டு கிளாஸ் உள்ளே போகிறது. உடம்பு மணிக்கு ஒரு கிளாஸ் அளவைத்தான் கழிக்கும். மூன்று ஒயினரி ஏறி இறங்கினால் விடை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அது போக, மதுவால் சிறுநீர் அதிகம் பிரியும். வெயிலில் மிதித்து வேர்வையும் போனால் தலை சுற்றும்.

ஒவ்வொரு மேசையிலும் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நம்மவர்களுக்குத் துப்பக் கூச்சம். ஆனால் ஒயின் தரம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பத்தான் செய்கிறார்கள். கூச்சம் போகவில்லையா? காலையிலேயே 30 கி.மீ. மிதித்து முடித்து, சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாடகை வண்டியில் ஒரே ஒரு ஒயினரிக்குப் போங்கள். டேஸ்டிங் ஒன்றுக்கே ஆளுக்கு 50 டாலர் வாங்கும் இடங்கள் நிறைய. பர்ஸுக்கும் நல்லது.

பாதை: 29-ஆம் எண் நெடுஞ்சாலையைத் தவிருங்கள். கிழக்குப் பக்கம் சில்வராடோ ட்ரெயில் என்ற சாலை மலையடிவாரத்திலேயே போகிறது; ஓரத்தில் சைக்கிளுக்கு நல்ல இடம் உண்டு. லேசான மேடு பள்ளம் தொடைக்கு வேலை கொடுக்கும். ஆனால் கார்கள் மணிக்கு 55 மைலில் பறக்கும், அறுவடை மாதங்களில் திராட்சை லாரிகள் வேறு. பழக்கம் விட்டுப்போனவர் யாராவது கூட்டத்தில் இருந்தால், 2024-ல் திறந்த செயின்ட் ஹெலினா–கலிஸ்டோகா வைன் ட்ரெயில்தான் சரி. ஹெல்மெட் போடுங்கள். எந்தப் பாதையானாலும் வலது பக்கம், மறக்காதீர்கள்.

கே: ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாமே? சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். ஒரு கிளாஸ் குடித்துவிட்டு நடந்தால் சரியாகிவிடுமா? – வாசகர், மதுரை

அந்தப் பேச்சு பழையது. ஆரோக்கியத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. ஒரு கிளாஸில் 120 கலோரி இருக்கும், அரை மணி வேக நடையில் அது கழிந்துவிடலாம். உங்கள் பிரச்சினை கலோரி இல்லை. மது உள்ளே இருக்கும்போது கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடுவது குறையும். அதோடு நடையும் சேர்ந்தால், சில மாத்திரைகளிலும் இன்சுலினிலும் சர்க்கரை திடீரென்று இறங்கும். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்ப்பவர்கள் போதை என்று நினைத்து விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கே: சமதரை நடை எனக்குப் போதாது. நன்றாக மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் உண்டா? – வாசகி, டப்ளின், கலிபோர்னியா

இதைத்தான் எதிர்பார்த்தேன்! கலிஸ்டோகா ஊர் எல்லையிலேயே ஓட் ஹில் மைன் ட்ரெயில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் பாதரசச் சுரங்கத்துக்காகப் போட்ட வண்டிப்பாதை. வண்டிச் சக்கரம் உராய்ந்த பள்ளம் பாறையில் இன்னமும் தெரியும். ஒரு வழி மட்டும் 13 கி.மீ. ஆகிறது, கால்வாசி போய்த் திரும்பினாலே பள்ளத்தாக்கு விரிந்து தெரியும்.

அதுவும் போதாது என்றால் செயின்ட் ஹெலினா மலை, 1,323 மீட்டர். போக எட்டு கி.மீ., வர எட்டு கி.மீ., சுமார் 600 மீட்டர் ஏற்றம். ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் நெஞ்சு நோயோடு 1880-ல் தேன்நிலவுக்கு வந்து, கைவிடப்பட்ட சுரங்க விடுதியில் தங்கியது இந்த மலைச்சரிவில்தான். அவர் தங்கிய இடத்தில் ஒரு நினைவுக்கல் உண்டு, அதுவரை மர நிழல். அப்புறம் மொட்டை வெயில். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 38 டிகிரியைத் தொடும் நாளில் இரண்டு இடமும் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை போனால், கீழே திராட்சை வரிசைகளுக்கு நடுவே கடுகு பூத்து மஞ்சளாகக் கிடக்கும்.

கே: நடந்த களைப்புக்கு கலிஸ்டோகா சேற்றுக் குளியல் எடுக்கலாமா? – வாசகர், சேலம்

எடுக்கலாம், சுகமாகத்தான் இருக்கும். எரிமலைச் சாம்பலும் வெந்நீர் ஊற்றுத் தண்ணீரும் கலந்த சூடான சேறு, பத்துப் பன்னிரண்டு நிமிடம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். குளித்து எழும்போது அழுத்தம் இறங்கும், பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருங்கள். டேஸ்டிங் முடித்த கையோடு மட்டும் போகாதீர்கள்.