சீட் கூடியது, டூட்டி குறையவில்லை

கடிதம்:

வணக்கம். என் மகள் எம்.டி. பொது மருத்துவம், முதல் வருடம். காலையில் டூட்டிக்குப் போனால் மறுநாள் சாயங்காலம்தான் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாள். ‘எங்க காலத்துல இதைவிட மோசம்’ என்கிறார் எங்கள் ஊர் டாக்டர். சிவகங்கையிலேயே 2012இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. டாக்டர்கள் பெருகியும் இந்த வேலைப்பளு ஏன் குறையவில்லை?

ஒரு தாய், தேவகோட்டை

பதில்:

அன்புள்ள ஆச்சி,

2014க்கு முன் நாட்டில் 51,348 எம்.பி.பி.எஸ். இடங்கள், பத்தே ஆண்டில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. ஆனால் ராத்திரி வார்டில் நிற்பது இன்றும் முதல் வருட பி.ஜி.யும் (உங்கள் மகள்போல் மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) ஹவுஸ் சர்ஜனும் (எம்.பி.பி.எஸ். முடிக்கும் பயிற்சி டாக்டர்) தான். ரத்த வங்கியில் காத்திருப்பது, ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது எல்லாம் அவர்கள் தலையில்தான் விடிகிறது. இதற்கு வேண்டியது அட்டெண்டரும் கிளார்க்கும். இன்னொரு டாக்டர் அல்ல. உங்கள் ஊர் டாக்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் காலத்தில் ஒரு நோயாளிக்கு இத்தனை ரிப்போர்ட் கிடையாது.

விதி இல்லாமல் இல்லை. பி.ஜி. டாக்டர்களின் பணிக்கான மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டம் தொடர் டூட்டி 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதியோ ‘நியாயமான வேலை நேரம்’ என்பதோடு நிறுத்திக்கொண்டது. எண் இல்லாத விதியை யார் மதிப்பார்கள்? 2024இல் அதே ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம் என்றது: 24 மணி டூட்டி ஒன்று, 10 மணி நேரமாக ஐந்து நாள், ஒரு நாள் ஓய்வு. அதுவும் பரிந்துரைதான்.

உண்மையில் சிக்கல் மறுநாள் காலையில் இருக்கிறது. அட்மிஷன் டே, அதாவது புது நோயாளிகளை வார்டில் சேர்க்கும் நாள், காலை 8க்குத் தொடங்கினால் மறுநாள் 8க்கு 24 மணி நேரம் முடிகிறது. ஆனால் சீஃப் டாக்டர் நோயாளிகளைப் பார்த்து வரும் ரவுண்ட்ஸ் 9.30க்கு. இரவு வந்த கேஸ்கள் உங்கள் மகளுக்கு மட்டும்தான் தெரியும். ரவுண்ட்ஸில் சொன்ன டெஸ்ட்களை அனுப்பி, ஓ.பி.யும் பார்த்தால் மாலை 5. மொத்தம் 33 மணி நேரம்.

தீர்வுக்குச் செலவில்லை. 7.30க்கே பகல் டூட்டிக்காரரோடு படுக்கை படுக்கையாகப் போய், எழுதிய தாளோடு ஒப்படைக்க வேண்டும். ‘3ஆம் படுக்கை: 6 மணிக்குப் பொட்டாசியம் 6.2, கால்சியம் குளுக்கோனேட், இன்சுலின் கொடுத்தாச்சு, 8 மணிக்கு மறுபடி பார்க்கணும்’ என்கிற அளவுக்குத் தாள் பேச வேண்டும். சீஃப் கேள்வியைப் பகல் டூட்டிக்காரரிடம் கேட்க வேண்டும். ‘நைட் பார்த்த புள்ள எங்க?’ என்று ஒரு நாள் கேட்டாலும் போதும், அதன்பின் ஒருத்தரும் 8 மணிக்குக் கிளம்ப மாட்டார்கள்.

உங்கள் பக்கம்: டூட்டி முடிந்த நாளில் விசேஷத்துக்குக் கூப்பிடாதீர்கள், ஸ்கூட்டர் ஓட்ட விடாதீர்கள். ஓய்வு நாளுக்குப் பிறகும் தீராத அசதி, நோயாளிகள்மேல் எரிச்சல், ‘நான் இதுக்கு லாயக்கில்லை’ என்ற பேச்சு மூன்றும் சேர்ந்தால் அது வெறும் களைப்பல்ல. அந்தப் பணிக்குழுவின் கணக்கெடுப்பில் பி.ஜி.க்களில் 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். அப்படி ஒரு சொல் வந்தாலே அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். அதோடு 2023 விதிப்படி வருடத்துக்கு 20 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. எழுதிக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள்.