தை மாதத்து வரவு, ஐப்பசி மாதத்துச் செலவு

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000 ரூபாய். கணவர் மூன்று ஏக்கரில் சம்பா போடுகிறார். மீட்கப்பட்ட ஐந்து வயது நாயை, தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை வளர்த்துத் தரும்படி ஒரு காப்பகம் கேட்கிறது. உண்ணிக் காய்ச்சலில் தேறிய நாய். சிறுநீரகத்தில் கொஞ்சம் பாதிப்பு. மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். வங்கியில் 40,000 ரூபாய் இருக்கிறது. இன்சூரன்ஸ் எடுக்கலாமா, சீட்டை ஏலம் எடுக்கலாமா? வரிச் சலுகை உண்டா?

பதில்: அழைத்து வாருங்கள். ஆனால் சீட்டை இப்போதே ஏலத்தில் எடுக்க வேண்டாம். முன்கூட்டி எடுப்பதற்காகக் கழிவென்று விட்டுக்கொடுக்கும் பணத்திலேயே நாய்க்குப் பல மாதம் முட்டை வாங்கலாம்.

முதலில் அந்தப் 'பார்த்துக்கொள்கிறோம்'. என் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டை நாய் நாலு மாதம் இருந்தது. காப்பகத்தார் நல்லவர்கள்தான், கையில்தான் காசில்லை. அந்த மருந்து பில்கள் ரப்பர் பேண்டு போட்டபடி இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கின்றன. அதனால் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்: எந்த டாக்டர், கேட்காமல் எவ்வளவு வரை செலவழிக்கலாம், பில் கொடுத்தால் எத்தனை நாளில் பணம் வரும், ராத்திரியில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, யாரும் தத்தெடுக்காவிட்டால் எத்தனை மாதம். நீங்கள் வளர்த்தாலும் நாய் அவர்களுடையது. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வேண்டியதும் அவர்கள்தான்.

இன்சூரன்ஸ் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். உங்களுக்குச் செலவு வரப்போவதே சிறுநீரகத்தால்தான். அதற்கு உதவாத பாலிசிக்கு எதற்கு பிரீமியம்?

சரி, உங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் தொகை இல்லை, மாதம். சம்பா நெல் பணம் தையில்தான் கைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகையில் உரம், களையெடுப்பு என்று வீடே வறண்டு கிடக்கும். அடைமழை ஈரத்தில் நாய்க்குத் தோல் அரிப்பு வருவதும் அப்போதுதான். உண்ணி மருந்தையோ மாதம் தவறாமல் போட வேண்டும், ஒருமுறை வந்த காய்ச்சல் திரும்பக் கூடும். ஆகவே நாய்ச் செலவை வயல் பணத்தோடு கலக்காதீர்கள். சம்பளம் வந்த அன்றே 1,500 ரூபாயைத் தனிக் கணக்கில் போடுங்கள். சாப்பாடும் உண்ணி மருந்தும் அதற்குள் அடங்க வேண்டும். டாக்டர் சிறுநீரகத்துக்கென்று தனித் தீவனம் எழுதிக் கொடுத்தால் அது இதற்குள் அடங்காது. அதைக் காப்பகத்திடமே வாங்கித் தரச் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தான். அங்கே கொடுக்கும் கட்டணத்தைவிட ஆட்டோ வாடகைதான் கடிக்கும், பஸ்ஸில் பெரும்பாலும் நாயை ஏற்ற விட மாட்டார்கள். அந்த வாடகையையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

அந்த 40,000 ரூபாய் உங்கள் வீட்டு மனிதர்களுக்கான அவசரப் பணம். அவசரத்துக்கு அதிலிருந்து எடுத்தாலும் 5,000 ரூபாயைத் தாண்ட வேண்டாம், காப்பகம் தந்ததும் திருப்பிப் போட்டுவிடுங்கள். நகைக்கடன் பேச்சே வேண்டாம். இந்த வரம்பை நாய் வருவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் பேசி முடியுங்கள். அது வந்து காலடியில் படுத்துக்கொண்டால் அப்புறம் கணக்கு பேச வாய் வராது.

வரிச் சலுகை? 80ஜி என்று சொல்லும் வருமான வரிச் சலுகை, அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குத் தரும் நன்கொடைக்கு. நீங்களே வாங்கும் மருந்துக்குக் கிடையாது. தவிர, வருடம் 2,16,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்களுக்கு வரியே இல்லையே. பில்களை மட்டும் பத்திரமாக வையுங்கள், காப்பகத்திடம் காட்டுவதற்கு.