கராத்தே வகுப்பில் சேர்த்தால் பையனுக்குத் தைரியம் வருமா?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. எதற்கும் பத்து தடவை யோசிப்பான். “யோசிக்கிறவனுக்கு எங்கே தைரியம் வரும், கராத்தேயில் சேர்த்துவிடு” என்கிறார் என் கணவர். தைரியம் என்பதே ஒருவகை அறிவு என்று சாக்ரடீஸ் பேசியதாகப் படித்திருக்கிறேன். எது சரி?

பதில்: சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோ எழுதிய ‘லாக்கெஸ்’ உரையாடல் உங்கள் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஏதென்ஸில் இரண்டு அப்பாக்கள், பையன்களைக் கவசச் சண்டைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று லாக்கெஸ், நிக்கியாஸ் என்ற இரு தளபதிகளிடம் கேட்கிறார்கள். சாக்ரடீஸும் கூட இருக்கிறார்.

அனுப்பலாம் என்கிறார் நிக்கியாஸ். லாக்கெஸுக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்தப் பயிற்சி ஆசிரியரையே அவர் ஒரு கடற்சண்டையில் பார்த்திருக்கிறார். ஈட்டியில் அரிவாளைப் பொருத்திய புது ஆயுதத்தோடு வந்திருந்தார் மனிதர். அது எதிர்க்கப்பலின் கயிறுகளில் மாட்டிக்கொண்டது. கப்பல்கள் ஒன்றையொன்று கடக்கக் கடக்க, ஈட்டியை விடாமல் தளத்தின் மேல் கூடவே ஓடினார். பிடி நழுவி நழுவிக் கடைசியில் அடிக்காம்பு மட்டும் கையில். யாரோ காலடியில் ஒரு கல்லை எறிந்ததும் விட்டுவிட்டார். அரிவாள் அங்கே தொங்குவதைப் பார்த்து அவருடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள்.

சரி, தைரியம் என்றால் என்ன? ஓடாமல் அணியில் நிற்பது என்கிறார் லாக்கெஸ். கி.மு. 479இல் பாரசீகர்களோடு நடந்த பிளாட்டையா போரில் ஸ்பார்ட்டா வீரர்கள் பின்வாங்கி, அப்புறம் திரும்பி அடித்து ஜெயித்தார்களே என்று கேட்கிறார் சாக்ரடீஸ். அப்படியென்றால் மன உறுதி, அதுவும் அறிவோடு கூடிய உறுதி என்கிறார் லாக்கெஸ். சாக்ரடீஸ் விடவில்லை. கிணற்றில் முக்குளிக்கத் தெரிந்தவன் இறங்குகிறான், தெரியாதவனும் இறங்குகிறான். இருவரில் யார் தைரியசாலி? தெரியாதவன்தான் என்று ஒப்புக்கொள்கிறார் லாக்கெஸ். ஆனால் அது மடத்தனமும் ஆயிற்றே! உங்கள் கணவரின் பேச்சில் இருக்கும் நியாயமும் சிக்கலும் இந்தக் கிணற்றடியில்தான் இருக்கின்றன.

நிக்கியாஸ் வேறு அறிவைச் சொல்கிறார்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று அறிவது. நோய் தீருமா என்பது மருத்துவருக்குத் தெரியும், பிழைப்பது அந்த நோயாளிக்கு நல்லதுதானா என்பது மருத்துவப் படிப்பில் இல்லை என்கிறார். உங்கள் மகனுக்கும் இது பொருந்தும். எப்படி உதைப்பது என்று மாஸ்டர் சொல்லித்தருவார். வகுப்பில் ஒருவனை நாலு பேர் சேர்ந்து கேலி செய்யும்போது, அடி விழுமே என்று பயப்படுவதா, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவோமோ என்று பயப்படுவதா? அது வேறு பாடம்.

ஆனால் அறிவு மட்டும் போதுமா என்று கேட்டால், நிக்கியாஸின் முடிவு என்னை உறுத்துகிறது. கி.மு. 413இல் சிசிலித் தீவிலிருந்து அவர் தலைமையிலான ஏதென்ஸ் படை உடனே கிளம்பியிருக்க வேண்டும். சந்திர கிரகணம் வந்தது. குறி சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்டு அவர் தாமதித்தார். படை அழிந்தது, அவரும் கொல்லப்பட்டார். எதற்கு அஞ்ச வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசுபவராக பிளேட்டோ காட்டும் அதே மனிதர்!

உரையாடல் விடை இல்லாமலே முடிகிறது. நற்குணமெல்லாம் விவேகமே என்ற சாக்ரடீஸ் பாதி சரி என்பது பின்னால் வந்த அரிஸ்டாட்டிலின் தீர்ப்பு. விவேகம் இல்லாமல் நற்குணம் இல்லை, ஆனால் நற்குணம் முழுக்க விவேகமே என்பது தவறு. அஞ்சத்தக்கவற்றின் முன் நின்று பழகித்தான் தைரியம் வரும் என்கிறார் அவர். நன்றாகப் பயிற்சி பெற்ற கூலிப்படையினர் ஆபத்து மிஞ்சும்போது முதலில் ஓடுகிறார்கள், சாதாரணக் குடிமக்கள் நின்ற இடத்திலேயே சாகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு இவர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

கராத்தேயில் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள், உடம்புக்கு நல்லது. யோசிக்கும் குணத்தை மட்டும் குறை என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். மொட்டைமாடிச் சுவரில் நடக்கச் சொல்லி நண்பர்கள் உசுப்பேற்றும்போது மறுக்கிறானா, அவன் சரியாகவே அஞ்சுகிறான். பத்து தடவை யோசித்த பிறகும் கேட்க வேண்டியதைக் கேட்காமல் திரும்பி வருகிறானா, அங்கேதான் பழக்கம் வேண்டும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் அவனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.