விளையாட்டுக்கு 20 நிமிடம், பேச்சுக்கு 25 நிமிடம்

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வீடியோ கேம்களை வைத்துப் பாடம் நடத்துவது பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

தலைமையாசிரியர் ஒருவர்: பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. இதில் பிள்ளைகளை விளையாட விட்டால் என்ன ஆவது? புத்தகம் சொல்லாத எதை விளையாட்டு சொல்லிக்கொடுத்துவிடும்?

விளையாட்டு தானாக எதையும் சொல்லிக்கொடுக்காது ஐயா. விளையாடிய கையோடு மணி அடித்துவிட்டால், யார் ஜெயித்தார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் அவர்கள் மனதில் நிற்காது. விளையாட்டில் கிடைப்பது அனுபவம். அதைப் பாடமாக்குவது பிறகு நடக்கிற பேச்சு. 45 நிமிடப் பாடவேளையில் விளையாட்டுக்கு 20, பேச்சுக்கு 25 என்று ஒதுக்குகிறேன்.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற விளையாட்டில் ராக்கெட்டை நாமே கட்டி ஏவ வேண்டும். முதல் ராக்கெட் பாதி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து விழும். உடனே ஏறக்குறைய எல்லாக் குழுவும் செய்வது, இன்னும் இரண்டு எரிபொருள் தொட்டிகளை மேலே அடுக்குவது. மறுபடி ஏவினால் எஞ்சின் எரியும், புகை கிளம்பும், ராக்கெட் மட்டும் தரையை விட்டு நகராது. "எஞ்சின் பழுது சார்" என்று ஒரு குரல் வரும். சில நொடிகள் கழித்து அதே ராக்கெட் மெதுவாக எழும்பும். அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லிவிடுவேன். எஞ்சினை யாரும் தொடவில்லையே, எப்படிக் கிளம்பியது? வகுப்பு கொஞ்ச நேரம் முழிக்கும். உந்துவிசை மாறவில்லை, எரிபொருள் எரிய எரிய எடை குறைந்தது, எடையை உந்துவிசை மிஞ்சிய கணத்தில் ராக்கெட் எழுந்தது. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகிறது என்பதை அதற்குப் பிறகு சமன்பாடாகக் கரும்பலகையில் எழுதினால், அது எதற்காக என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சுற்றுப்பாதையில் முன்னால் போகும் விண்கலத்தைப் பிடிப்பது இதைவிடச் சுவையானது. எல்லாரும் வேகத்தைக் கூட்டுவார்கள், அவர்களுடைய கலம் இன்னும் பின்தங்கும். வேகத்தைக் குறைத்தால் பாதை தாழும், சுற்றிவரும் நேரம் சுருங்கும், பிடித்துவிடலாம். இதை வாயால் சொன்னால் நம்பாத பிள்ளைகள் அங்கே தாங்களே கண்டுபிடிக்கிறார்கள்.

சமூக அறிவியல் ஆசிரியை: வகுப்பில் 40 பேர். இருப்பது ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும்தான். இதை வைத்து என்ன செய்ய முடியும்?

தாராளமாக முடியும். வகுப்பறை விளையாட்டுகளில் முன்னோடியான தி ஒரிகன் டிரெயில் பிறந்த சூழல் இதைவிட ஏழ்மையானது. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ச் தன் வரலாற்று வகுப்புக்காக பில் ஹைனமன், பால் டில்லன்பெர்கர் என்ற இரு நண்பர்களுடன் சேர்ந்து அதை உருவாக்கினார். திரையே கிடையாது. எங்கோ இருந்த கணினியோடு தொலைபேசிக் கம்பி வழியே பேசும் டெலிடைப் இயந்திரம், பதில்களைக் காகிதத்தில் அடித்துத் தரும். 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டியில் மேற்கே குடியேறப் போகும் குடும்பமாகப் பிள்ளைகள் முடிவெடுக்க வேண்டும்: உணவுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, இப்போது வேட்டைக்குப் போகலாமா, பயணத்தைத் தொடரலாமா?

நீங்களும் அப்படியே செய்யுங்கள் அம்மா. விசைப்பலகையில் ஒரு மாணவர் உட்காரட்டும்; ஆனால் முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. மற்றவர்கள் குழுவாக விவாதித்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று எல்லாரும் நோட்டில் ஒரு வரி எழுதட்டும். ஊகம் பொய்த்துப்போகும் இடத்தில்தான் கவனம் கூர்மையாகும். உண்மையைச் சொன்னால், ஆளுக்கொரு டேப்லெட் உள்ள வகுப்பைவிட ஒரே திரை உள்ள வகுப்பே எனக்குப் பிடிக்கும். அங்கே பேசாமல் விளையாட முடியாது.

ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியர்: கணித விளையாட்டுகள் என்று ஏராளமாகக் கிடைக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒரே ஒரு சோதனை போதும். விளையாட்டிலிருந்து கணிதத்தை உருவிவிட்டாலும் விளையாட்டு அப்படியே நிற்கிறதா? நின்றால் வேண்டாம். கூட்டலைச் சரியாகப் போட்டால் அரக்கனைச் சுடலாம் என்ற வகையில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தோற்கும். அவை கசப்பு மருந்தின் மேல் தடவிய தேன். பிள்ளைகள் தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடுவார்கள். வாய்ப்பாடு பழகுவதற்கு வேண்டுமானால் உதவும்.

தேறிய ஒன்றைச் சொல்கிறேன். 2012இல் நார்வேயில் உருவான டிராகன்பாக்ஸில் திரை இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒரு பக்கத்தில் பெட்டியைத் தனியாக விட வேண்டும். ஒரு பக்கம் ஒரு அட்டையைச் சேர்த்தால் மறுபக்கமும் அதையே சேர்த்தாக வேண்டும். போகப் போகப் படங்கள் எழுத்தாகவும் எண்ணாகவும் மாறும். இங்கே விதியே இயற்கணிதம், உருவி எடுக்கத் தனியாக ஒன்றுமில்லை. ஆனாலும் திரையில் சட்டென்று தீர்ப்பவர் தாளில் திணறுவார். ஒவ்வொரு நகர்வையும் நோட்டில் சமன்பாடாக எழுத வைப்பது உங்கள் வேலை.

ஒரு தாய்: வீட்டில் போனைப் பிடுங்குவதே பெரும்பாடு. பள்ளியிலும் இதுதான் என்றால் அடிமையாகிவிட மாட்டானா?

உலக சுகாதார நிறுவனம் வீடியோ கேம் கோளாறைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதன் வரையறையைப் பாருங்கள்: கட்டுப்பாட்டை இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாகிவிடுவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, அதுவும் பொதுவாக ஓராண்டாவது நீடித்திருக்க வேண்டும். ஆசிரியர் முன்னால், நேரம் குறித்து, இடையிடையே நிறுத்திப் பேசும் விளையாட்டு வேறு வகை. ஒன்று மட்டும் பள்ளியிடம் கண்டிப்பாகக் கேளுங்கள்: விளையாட்டை வீட்டுப்பாடமாகத் தருகிறார்களா? தந்தால் ஆட்சேபம் தெரிவியுங்கள். நானும் உங்கள் பக்கம்தான்.

வரலாற்று ஆசிரியர்: விளையாட்டுகளில் வரலாற்றுப் பிழைகள் மலிந்திருக்கின்றனவே?

மலிந்திருக்கட்டும், அவைதான் பாடம். அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ் விளையாட்டுக்கு 2018இல் டிஸ்கவரி டூர் என்றொரு பகுதி வந்தது. சண்டை எதுவும் இல்லாமல், தாலமி வம்சக் காலத்து எகிப்தில் நடந்து திரியலாம். அதில் சிறுவர்களும் சிறுமிகளும் சேர்ந்து படிக்கும் காட்சி வரும். உண்மையில் அப்படி இருக்கவில்லை என்று தயாரிப்பாளர்களே அங்கே குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அந்த முடிவு சரியா என்று கேட்டுப்பாருங்கள், வகுப்பு இரண்டாகப் பிரியும்.

மேலே சொன்ன ஒரிகன் டிரெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நோய், விபத்து போன்றவை எத்தனை முறைக்கு ஒரு முறை நேர வேண்டும் என்பதை ராவிட்ச் பின்னாளில் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்துத் திருத்தினார். அத்தனை அக்கறை எடுத்தும் கதை குடியேறியவர்களின் கண் வழியாகவே நகர்ந்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகள் வழியில் எதிர்ப்படும் மனிதர்கள் மட்டுமே. 2021இல் வந்த புதிய வடிவத்தில்தான் பூர்வகுடி வரலாற்று அறிஞர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். யாருடைய நாட்குறிப்பு, யாருடைய கண் என்ற கேள்விகளைப் பிள்ளைகள் பிறகு பாடநூலை நோக்கியும் திருப்புவார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

பொருளியல், குடிமையியலுக்கும் இது பொருந்தும். 1989இல் வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி, நகரத்தைக் கட்டி நிர்வகிக்கும் விளையாட்டு. நகரங்கள் இயங்கும் விதம் பற்றி ஜே ஃபாரஸ்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்த கோட்பாட்டின் சாயல் அதில் உண்டு. அங்கே வரியை ஏற்றினால் மக்கள் வெளியேறுவது இயற்கை விதியல்ல, யாரோ எழுதி வைத்த விதி. "இந்த விதியை நீ எழுதினால் எப்படி எழுதுவாய்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

ஆரம்பப் பள்ளி ஆசிரியை: விளையாட்டே வேண்டாம். வகுப்பில் புள்ளிகள், பதக்கங்கள், தரவரிசை வைத்தால் போதாதா?

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள், தாமாகவே ஆசையாகப் படம் வரையும் மழலையரில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு பரிசில்லாத நேரத்தில் அந்தக் குழந்தைகளே மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். தரவரிசைப் பலகையில் கடைசிப் பெயராகத் தினமும் தொங்கும் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்: சார், துப்பாக்கிச் சண்டை விளையாட்டை வைத்துப் பாடம் நடத்தச் சொல்லி எங்கள் ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது?

எந்த வயதினருக்கானது என்று அந்த விளையாட்டில் போட்டிருக்கும் மதிப்பீட்டை முதலில் பார் தம்பி. பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும்.

பணியில் சேர்ந்து ஓராண்டான ஆசிரியர்: மதிப்பெண் எப்படிப் போடுவது? எனக்கோ விளையாட்டே தெரியாது, பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

விளையாட்டின் ஸ்கோருக்கு மதிப்பெண் போடவே கூடாது. அது வீட்டில் கணினி உள்ளவருக்குத் தரும் சலுகை. தோற்ற ஆட்டத்தைப் பற்றி அரைப்பக்கம் எழுதச் சொல்லுங்கள்: என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, ஏன்? அதைத் திருத்துங்கள். அவர்கள் கெட்டிக்காரர்களாக இருப்பது நல்லதுதான். பொத்தான்களை அவர்கள் சொல்லித்தரட்டும், "ஏன்" என்று நீங்கள் கேளுங்கள். வகுப்புக்கு முன் ஒருமுறை நீங்களே முழுதாக விளையாடிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிறப்புக் கல்வி ஆசிரியை: முப்பரிமாண விளையாட்டுகளில் சிலருக்குத் தலைசுற்றல் வருகிறது.

வரும். அவர்களை வரைபடம் பார்ப்பவராக, குறிப்பெடுப்பவராக அமர்த்துங்கள், கட்டாயப்படுத்த வேண்டாம். மினுங்கும் ஒளியால் வலிப்பு வரக்கூடிய பிள்ளை யாராவது உண்டா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டு வைப்பது அவசியம்.

பெயர் சொல்லாத ஆசிரியர்: வாங்குவதற்குப் பணம் இல்லை. இலவசமாக ஏதாவது?

அறிவியலுக்கு ஃபெட் (PhET), அதாவது அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் இணையதளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. விளையாட்டு என்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளைகள் விளையாடத்தான் செய்வார்கள்.

இன்னொன்று, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007இல் வெளியான ஸ்கிராட்ச் என்ற, பிள்ளைகளுக்கான கணினி நிரல்மொழி. இதில் விளையாட்டைப் பிள்ளைகளே எழுதலாம். மேலிருந்து விழும் பந்து ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். முதலில், பந்தின் உயரத்தை ஒவ்வொரு முறையும் 5 குறைப்பார்கள். பந்து லிஃப்டைப் போலச் சீராக இறங்கும். ஏதோ சரியில்லை என்று அவர்களுக்கே தெரியும். பிறகு ஒருவர் "வேகம்" என்று ஒரு மாறியை வைத்து, அந்த வேகத்தையே ஒவ்வொரு முறையும் 1 கூட்டுவார். பந்து பந்தாக விழும். முடுக்கம் என்ற பாடத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.