எழுத்தாளரின் காகிதங்களை நூலகத்துக்குக் கொடுக்கும் முன்

மறைந்த எழுத்தாளரின் பீரோவில் டைரி, கடிதம், அடித்துத் திருத்திய பிரதி எல்லாம் இருக்கின்றன, பிரித்து அடுக்கிவிட்டு நூலகத்துக்குத் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பிரிக்காதீர்கள். எந்தக் கடிதம் எந்தக் கையெழுத்துப் பிரதிக்குள் செருகப்பட்டிருந்தது என்பதே ஆய்வாளருக்கு ஒரு தகவல். கலைத்துவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. அதனால்தான் ஆவணக் காப்பகங்கள் எழுத்தாளர் வைத்திருந்த வரிசையை முடிந்தவரை அப்படியே காக்கின்றன.

உறைகளையும் தூக்கிப் போடாதீர்கள். தேதியில்லாத கடிதத்துக்கு அஞ்சல் முத்திரைதான் தேதி. கிழிந்த தாளை செலோடேப் போட்டு ஒட்டவோ லேமினேஷன் செய்யவோ வேண்டாம். டேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளையே கறையாக்கிவிடும். துருப்பிடித்த குண்டூசி, கிளிப்பை நூலகத்தாரே பக்குவமாக எடுப்பார்கள். அப்புறம் அமிலமில்லாத உறை, பெட்டி, ஈரம் ஏறாத அறை, பட்டியல், ஸ்கேன் எல்லாம் அவர்கள் வேலை.

உ.வே.சா.வுக்குப் பலர் எழுதிய கடிதங்கள், 1943இல் அவர் பெயரில் சென்னையில் தொடங்கிய நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. புலவர்கள் எழுதியவை மட்டும் போதும் என்று யாராவது கழித்திருந்தால் எவ்வளவு இழப்பு! மளிகைக் கணக்கும் இருக்கட்டும்.

எழுத்தில் ஒப்பந்தம் அவசியம். தாள் நூலகத்துக்குப் போனாலும் பதிப்புரிமை தானாகப் போகாது. பிறர் எழுத்தாளருக்கு எழுதிய கடிதங்களின் உரிமை எழுதியவர்களுக்கும் வாரிசுகளுக்கும்தான். அந்தரங்கமான டைரியை இத்தனை ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று நிபந்தனையும் போடலாம்.