காலநிலைப் புனைவுப் படம் என்றால் என்ன? கற்பனைக் கதை எதற்கு?

பருவநிலை மாற்றம் வெறும் பின்னணியாக நிற்காமல், பாத்திரங்களின் வாழ்க்கையையே புரட்டிப்போடும் கற்பனைக் கதைப் படம்தான் இது. வெப்பம் 1.5 டிகிரி கூடும் என்றால் நமக்கு உறைப்பதில்லை. எண்ணுக்கு முகம் கிடையாது. விபத்துக் கணக்கைச் செய்தித்தாளில் படிப்பதற்கும், பக்கத்து வீட்டுக்காரர் அடிபட்டார் என்று கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

2017இல் நீலா மாதவ் பாண்டா இயக்கிய ‘கட்வி ஹவா’ இந்திப் படத்தில், மழை பொய்த்த ஊரில் பார்வையற்ற முதியவர் ஒருவர் கடன்பட்ட மகனை நினைத்துத் தவிக்கிறார். கடன் வசூலிக்க வருபவரோ ஒடிசா கடற்கரைக்காரர்; அவர் குடும்பத்தைக் கடல் மிரட்டுகிறது. வறட்சியும் கடலும் ஒரே கதை என்பது தானாகவே புரிந்துவிடுகிறது. எனக்கு இதுதான் படத்தின் பெரிய பலம்.

அப்புறம், இப்படங்களை வானிலை அறிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது: 2004இல் வந்த ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’வில் கடல் நீரோட்டம் நிலைகுலைந்து சில நாட்களில் பனி உறைகிறது, நிஜத்தில் அந்த நீரோட்டம் தளரவே பல பத்தாண்டுகள் ஆகும்.